லோறன்ஸ் உயிரோடு இருக்கிறார்

தலவில
14 நவம்பர் 2016

மெலனி,

உன் அண்ணன் நலமாக இருக்கிறார். வேறு கடிதமென்றால் இது ஒப்புக்கு எழுதுகிற வரி. இன்றைக்கு அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீ இருக்கிற இத்தாலியில், வெறோனாவில், அவர் கடலில் செத்துப்போய், ஆன்ம இளைப்பாற்றிப் பூசையும் முடிந்து, பூசைக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தாயிற்றாம்.

நேற்று ஃபோனில் நான் தொடங்கும் முன்பே "கிழவி கூப்பிடுறா மச்சாள்" என்று வேலையைச் சாக்குச் சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் இந்த ஈமெயில். நான் சொல்லி முடிக்கும்வரை இதில் நீ குறுக்கே வர முடியாது.

சனிக்கிழமை காலை போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு எல்லாரும் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நின்றார்கள். உன் அண்ணனோடு ஒரே போட்டில் போகிற ஜெனிஸ்டன் ஃபோனைப் பார்த்தான், உன் அண்ணனைப் பார்த்தான், திரும்பவும் ஃபோனைப் பார்த்தான். பிறகு அதை அவரிடம் நீட்டினான். அதில் உன் அண்ணனின் முகம். சுற்றிவரப் பூ, இரண்டு பக்கமும் மெழுகுதிரி, மேலே "கண்ணீர் அஞ்சலி". எங்கள் கலியாண நாளுக்கு எடுத்த படம்தான். என்னை வெட்டி எறிந்துவிட்டு, அவருடைய தோளில் இருந்த என் கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கீழே, "எழுத்தாளர் டொறத்தியின் அன்புக் கணவர், கடலன்னை மடியில்".

உன் அண்ணன் முதலில் கேட்டது, "இதுல நான் கொஞ்சம் வெள்ளையா இருக்கிறன், என்ன?" என்றுதான். பிறகு ஜெனிஸ்டனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

என் புத்தகத்துக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து நடத்தட்டுமா என்று நீ கேட்டபோது ஓம் என்றேன். சிலாபத்தில் அச்சடித்த புத்தகமெல்லாம் கட்டிலுக்குக் கீழே கிடந்து கறையான் பிடிக்கப்போகிறதே என்ற கவலையில் சொன்ன ஓம். என் பெயரில் என் புருஷனைக் கொல்லச் சொல்லி நான் ஓம் சொல்லவில்லை. எனக்கு ஃபேஸ்புக் இல்லை, ஜெனிஸ்டனின் ஃபோனை வாங்கி அந்தப் பக்கத்தை அடிவரை இழுத்துப் பார்த்தேன். என் சிறுகதை ஒன்றில் கைம்பெண் பேசுகிற முதல் பந்தியை எடுத்து, "அவர் போன அன்று அடுப்பில் வைத்த சோற்றை நான் இன்னும் இறக்கவில்லை" என்று போட்டிருக்கிறாய். பக்கத்தில் என் படம். இது கதை என்று ஒரு சொல் இல்லை. கீழே எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், பூசை வைத்ததையும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்லியிருப்பது யார்?

உடனே திருத்து. இது சிறுகதை, லோறன்ஸ் உயிரோடு இருக்கிறார் என்று எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

டொறத்தி


வெறோனா
17 நவம்பர் 2016

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் அண்ணனைக் கொல்லவில்லை. முதலில் அதை நம்புங்கள், பிறகு ஏசுங்கள்.

முன்பெல்லாம் நான் என்ன போட்டேன் என்று பாருங்கள். அட்டைப்படம் போட்டேன். வாங்கி ஆதரவு தாருங்கள் என்று எழுதினேன். பார்த்தது என் கூட்டாளிகள் பத்துப் பேர், அவர்களும் விரலால் ஒருதரம் அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். கடற்கரைப் படம், தலவிலக் கோயில் படம், உங்கள் பிறந்தநாள் கேக், எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு புத்தகம் போகவில்லை. பிறகுதான் கதையையே போட்டால் என்ன என்று அந்தப் பந்தியைப் போட்டேன். அடுத்த நாள் எழும்பிப் பார்த்தால் பக்கம் பற்றி எரிகிறது.

"சகோதரி, தைரியமாக இருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கதையில் வருகிற பெண்ணுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி போட்டேன். அடுத்தடுத்த ஆட்களுக்கும் அப்படியே போட்டேன். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் புத்தகம் கேட்டு ஆட்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நோர்வே, ஜெர்மனி, மட்டக்களப்பு, மன்னார் என்று நான் உங்களுக்கு அனுப்பிய விலாசங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த நேரத்தில், ஐயோ அவர் இருக்கிறார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை மச்சாள், சும்மா இருந்தேன்.

பூசையை நான் கொடுக்கவில்லை. இங்கே நம்முடைய கரை ஆட்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே அஞ்சலிப் படமும் செய்து, பூசையும் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு லீவு இல்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நாலு பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார், நேற்றுக்கூடக் கதைத்தேன் என்று சொன்னேன். கவலையில் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, தலையில் கைவைத்துச் செபித்தார்கள். உண்மையைச் சொன்ன ஒரே இடத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும். செத்துவிட்டதாகக் கதை பரவினால் ஆயுள் கூடுமாம், அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
மெலனி


தலவில
27 நவம்பர் 2016

மெலனி,

ஆயுள் கூடியதோ தெரியாது. தொழில் போய்விட்டது.

முதலில் சில நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படமும் பூசைக் கதையும் ஊர் முழுக்கச் சுற்றிய பிறகு, போன திங்கள் உன் அண்ணன் வழமைபோலக் கரைக்குப் போனார். ஜெனிஸ்டனும் கூடத் தொழிலுக்குப் போகிற மற்றவனும் போட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள், தள்ளவில்லை. ஏன் என்று கேட்டார். ஜெனிஸ்டன்தான் சொன்னான்.

"அண்ணே, கோவிக்காதீங்க. உங்களுக்குச் செத்த பூசை வச்சாச்சு. உங்களோட ஏற எங்களுக்குப் பயமாக் கிடக்குது."

சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன். பூசையில் பெயர் வாசித்துவிட்டால் கடல் தன்னுடைய ஆள் எங்கே என்று தேடும் என்பது இவர்களின் எண்ணம். தேடி வரும்போது பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்து எடுத்துவிடுமாம். அவர்களுக்கும் பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சம்மாட்டி முத்தலிபு நானாவிடம் கற்பிட்டிக்குப் போனோம். போட்டும் எஞ்சினும் அவருடையவை. தனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னார், தேத்தண்ணி தந்தார். ஆனால் பயந்தவனைக் கட்டாயப்படுத்திக் கடலுக்கு அனுப்பினால் அல்லாஹ் தன்னிடம்தான் கேட்பான் என்றார். அதுவும் நியாயம்தான்.

பிறகு ஃபாதரிடம் போனோம். செத்தவனுக்கு வைக்கப் பூசை இருக்கிறதாம், வைத்த பூசையைத் திருப்பி எடுக்க ஒரு செபமும் இல்லையாம். எந்தச் செபமும் வீண்போகாது, லோறன்ஸ் போய்ச் சேருகிற அன்றைக்கு உதவும் என்று சொல்லிச் சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. இப்போது காலையில் எழும்பி முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். பொத்தி முடித்த வலையையே திரும்பவும் பொத்துகிறார். நல்ல காலநிலையில் கடலுக்குப் போகாமல் இருக்கிற லோறன்ஸை நான் முன்பு பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

இது அந்தப் பக்கத்தில் தொடங்கியது, அந்தப் பக்கத்திலேயே முடிய வேண்டும். உன் அண்ணன் செத்தார் என்பதை ஜெனிஸ்டன் ஃபோனில் பார்த்துத்தான் நம்பினான். நேரில் ஆள் நின்றும் அவனுக்குப் போதவில்லை. இருக்கிறார் என்பதையும் ஃபோனில்தான் பார்க்க வேண்டும் போல. நீ எழுது, இல்லாவிட்டால் பாஸ்வேர்ட்டை எனக்குத் தா.

டொறத்தி


வெறோனா
2 டிசம்பர் 2016

மச்சாளுக்கு,

பாஸ்வேர்ட் தர மாட்டேன். வருஷம் பிறக்கும்வரை தர மாட்டேன்.

கனடாவில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஸ்கைப்பில் உங்களோடு கூட்டம் வைக்கப்போகிறார்கள். எல்லாரும் உங்கள் புத்தகத்தை வாசித்துவிட்டு வருவார்கள். இரண்டாம் பதிப்பைத் தாங்களே போடலாம் என்றும் கதைக்கிறார்கள். "கண்ணீரால் எழுதும் கடல்மகள்" என்று அறிவித்தல்கூடத் தயார். இன்றைக்கு நான் போய், அவருடைய புருஷன் முற்றத்தில் வலை பொத்துகிறார் என்று எழுதினால் அந்தக் கூட்டம் நடக்குமா? இதே ஆட்கள் உங்களைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். கூட்டம் முடியட்டும், மெல்லமாகச் சொல்லலாம். அதுவரை அண்ணன் கரையில் ஏதாவது வேலை பார்த்தால் என்ன?

ஊரில் உங்கள் புத்தகத்தை யார் வாசித்தது மச்சாள்? கோயில் திருநாளுக்கு விற்கக் கொண்டுபோனபோது மெழுகுதிரிக் கடைக்காரி செபப் புத்தகமா என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்ததை நீங்களே எனக்குச் சொல்லி அழுதீர்கள். இப்போது வாசிக்கிறார்கள். நான்தான் வாசிக்க வைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இங்கே நான் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்கிறவள். அந்த வீட்டில் ஒருவருக்கும் என் பெயர்கூட ஒழுங்காக வராது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் மனம்விட்டுக் கதைக்கிறார்கள். உங்களோடு என்று நினைத்துத்தான், தெரியும். ஆனால் வாசிப்பதும் பதில் எழுதுவதும் நான். உடப்பில் தவமலர் என்று ஒரு பெண் இருக்கிறா. புருஷன் கடலுக்குப் போய் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உங்கள் புத்தகத்தைத் தபாலில் எடுத்து வாசித்தவ. ஒவ்வொரு நாளும் எழுதுகிறா, நானும் ஒவ்வொரு நாளும் பதில் போடுகிறேன். அவவுக்கு நான் இப்போது என்னவென்று சொல்லுவது?

மெலனி


தலவில
5 டிசம்பர் 2016

மெலனி,

உண்மையாகவே புருஷனை இழந்த ஒருத்திக்கு, என் பெயரில், நீயும் இழந்தவள் போலப் பதில் எழுதுகிறாயா? இதை வாசித்துவிட்டு எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் எனக்குக் கோபம். இது எனக்கு வெட்கம்.

கனடாக்காரர் வரட்டும், வராமல் போகட்டும். மீன் விற்ற கையைக் கழுவிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிற நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய புத்தகம் அது. வாசிக்கிற ஆள் அழுவதென்றால் என் எழுத்துக்கு அழ வேண்டும். என் தாலிக்கு அழ வேண்டாம். உள்ளதைச் சொன்னபிறகும் நின்று வாசிக்கிற ஒரு ஆள் மிஞ்சினால் எனக்கு அந்த ஒரு ஆள் போதும். ஒருவரும் மிஞ்சாவிட்டால் கறையான் தின்னட்டும், நான் அடுத்ததை எழுதுவேன்.

உன் பாஸ்வேர்ட் எனக்கு இனித் தேவையில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கரையில் வைத்து ஜெனிஸ்டனின் ஃபோனில் நேரலை போடப்போகிறேன். அவனைக் கேட்டுவிட்டேன். அந்த அஞ்சலிப் படம் அவனிடம் வந்து சேர்ந்த அதே வழியால் இதுவும் போகட்டும். உன் அண்ணன் என் பக்கத்தில் நிற்பார். நான் அந்தக் கதையை முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பேன். உன்னால் தடுக்க ஏலாது.

டொறத்தி


வெறோனா
13 டிசம்பர் 2016

மச்சாளுக்கு,

பார்த்தேன். கிழவிக்கு ஊட்டிக்கொண்டே பார்த்தேன். கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போனது.

"நான் டொறத்தி. கதை எழுதுகிறவள். கைம்பெண் இல்லை. இவர்தான் லோறன்ஸ்" என்று நீங்கள் சொன்னதும் அண்ணன் பொலிஸ்காரனைப் போல விறைத்து நின்று சல்யூட் அடித்தார். சிரித்துவிட்டேன். பிறகு நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள். அந்தக் கதையின் முதல் பந்தியை மட்டும்தான் நான் வாசித்திருந்தேன் மச்சாள். மிச்சத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். காற்றில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதிக்கே அழுகை வந்துவிட்டது. அண்ணன் கண்முன்னே உயிரோடு நிற்கிறார், நான் அழுகிறேன். நீங்கள் எழுத்துக்கு அழ வேண்டும் என்று எழுதியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

இனிக் கெட்ட செய்தி. நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. பிழை நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். அதனால் ஏச்செல்லாம் உங்களுக்கு வந்தது. எங்கள் கண்ணீரை விற்றவள் என்று ஒருவர். புருஷனைச் சாக்காட்டி வியாபாரம் செய்தவள் என்று இன்னொருவர். பாதிப் பேர் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். கனடா வட்டம் கூட்டத்தை நிறுத்திவிட்டது. நேற்று நான் என் பெயரில், என் படத்தைப் போட்டு, இவ்வளவும் செய்தது நான் என்று பக்கத்தில் எழுதினேன். சங்கத்துக்கும் போய்ச் சொன்னேன். இந்த முறை ஒருவரும் தண்ணீர் தரவில்லை, உடனே நம்பிவிட்டார்கள்.

பாஸ்வேர்ட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இனிப் பக்கம் உங்களுடையது.

தவமலர் உங்கள் நேரலையைப் பார்த்தாவோ தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. நான் எழுதப் பார்த்தேன். யாராக எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மெலனி


தலவில
21 டிசம்பர் 2016

அன்புள்ள மெலனி,

ஏச்சுகளை வாசித்தேன். சிலவற்றை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பிறகு தவமலர் எழுதியவற்றையும் உன்னுடைய பதில்களையும் இருந்து வாசித்தேன். நீ அவவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாய், காய்ச்சலுக்கு என்ன குடித்தாய் என்று கேட்டிருக்கிறாய். எழுதிய பெயர் பொய், கேட்டது பொய் இல்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் இதற்கு ஃபோனில் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தோன்றியது. புத்தகத்தைத் தபாலில் போட்டவள் நான், விலாசம் இருந்தது. உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். பாலாவியில் பஸ் மாறி உடப்புக்குப் போய்ச் சேரும்வரை, என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியாது என்றேன்.

தவமலர் வீட்டுக்கு முன்னால் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றா. என்னைவிட இளையவ. கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது, நேரலையைப் பார்த்திருக்கிறா. உன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தா. நான் நடந்ததைச் சொன்னேன். உனக்காகவும் எனக்காகவும் மன்னிப்புக் கேட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றா.

பிறகு உள்ளே போய் என் புத்தகத்தைக் கொண்டுவந்தா. மெலனி, நான் அனுப்பிய புத்தகம்தானா என்று எனக்கே சந்தேகம். மூலையெல்லாம் மடிந்து, அட்டை கழன்று, மீன் மணத்தது. ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினா. கடலுக்குப் போகும்போது புருஷன் கழற்றிப் போட்ட சாரத்தை அந்தப் பெண் தோய்க்காமல் வைத்திருக்கிற இடம்.

"இத நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல," என்றா. "புருசன் பக்கத்துல நிக்கிற ஒருத்திக்கு இது எப்பிடித் தெரிஞ்சது?"

"இவர் கடலுக்குப் போனா, திரும்பி வருமட்டும் நான் இவர்ட சாரத்தத் தோய்க்கிறதில்ல. தோய்ச்சா வரமாட்டாரோ எண்டு பயம். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."

தவமலர் புத்தகத்தை மூடினா.

"நானும் அப்பிடித்தான் தோய்க்காம வச்சன். இன்னும் அப்பிடியே கிடக்குது."

அவ அழவில்லை. நான்தான் அழுதேன். உன் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். தான் வந்து சேர்ந்த பிறகுதான் தன் சாரம் தண்ணீரைக் காண்கிறது என்பதை அந்த மனுஷன் இத்தனை வருஷமாகக் கவனித்ததே இல்லை.

அதன் பிறகு எங்களைச் சாப்பிடாமல் போக விடவில்லை. உன் அண்ணன் வழமைபோல இரண்டு தரம் சோறு வாங்கினார். சாப்பிடும்போது தவமலர் ஒரு படம் எடுத்து, தன் கையாலேயே எழுதி அந்த ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டா. "லோறன்ஸ் அண்ணன் உயிரோடு இருக்கிறார். என் வீட்டில் சாப்பிட்டார். இந்த அக்கா எழுதினது உண்மை. புத்தகத்தை வாசியுங்கள்." உனக்கும் ஒரு செய்தி சொன்னா. இனிமேல் உன் சொந்தப் பெயரில் அவவுக்கு எழுத வேண்டுமாம். கிழவியைப் பற்றியும் எழுத வேண்டுமாம். எழுது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜெனிஸ்டன் நேற்று வீட்டுக்கு வந்தான். கடல் ஆளை எடுத்த வீட்டில் ஒருவன் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதற்குப் பிறகு கடல் அவனைத் தேடாதாம். இதை எங்கே கண்டுபிடித்தானோ தெரியாது, நான் வாதாடவில்லை. கனடாவிலிருந்து மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வட்டம் வராவிட்டாலும் தாங்கள் மூன்று பேரும் கூட்டத்துக்கு வருவார்களாம், கதையைப் பற்றி மட்டும் கதைப்பார்களாம். ஓம் என்று பதில் போட்டுவிட்டேன். ஸ்கைப்பை எப்படித் திறப்பது என்று நீதான் சொல்லித்தர வேண்டும்.

இன்று விடியமுன் உன் அண்ணன் கடலுக்குப் போனார். நான் கரையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாரம் கட்டில் காலடியில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் வருகிற பயம் இன்றைக்கும் வந்தது, கொஞ்சமும் குறையவில்லை. முதலில் அதை ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுவோமா என்று ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அடுத்த கதையைத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்தது. பிறகுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

போட் சத்தம் கேட்கிறது. நான் போய்ச் சாரத்தைத் தோய்க்க வேண்டும்.

உன் மச்சாள்
டொறத்தி